முழுக் கோதுமை ஐரிஷ் சோடா பிரெட்: வீட்டிலேயே சுட ஒரு முழுமையான வழிகாட்டி

ஈஸ்ட் வேண்டாம், பிசைய வேண்டாம், மாவு பொங்கும்வரை காத்திருக்க வேண்டாம். கலக்க ஆரம்பித்து ஒரு மணி நேரத்தில் முழு பிரெட் ஓவனைவிட்டு வெளியே வந்துவிடும். அயர்லாந்துக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டிலிருந்து வீடுகளில் சுட்டுவரும் சோடா பிரெட்டுக்கு மாவு, உப்பு, சமையல் சோடா, மோர் என்று நாலே பொருள்தான். செய்முறையும் எளிதுதான். ஆனாலும் முதல் தடவை சுடுகிறவர்களில் பலருக்கு பிரெட் கனத்துப்போகிறது, நடுவில் வேகாமல் பிசுபிசுக்கிறது, இல்லையென்றால் சோப்பு ருசி அடிக்கிறது. பெரும்பாலும் காரணம் இதுதான்: மாவை அளவுக்கு மீறித் தொட்டிருப்பார்கள், அல்லது வேண்டியதைவிடக் கெட்டியாகக் கலந்திருப்பார்கள். முழுக் கோதுமை மாவு இந்த இரண்டையும் மன்னிக்கவே மன்னிக்காது. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இரண்டு விஷயம்தான். மாவு தளர்வாக இருக்கட்டும். கை சீக்கிரம் விலகட்டும்.

அயர்லாந்தில் ஏன் சோடா?

இதைத் தெரிந்துகொண்டால் செய்முறையில் பாதி தானாகப் புரிந்துவிடும். அயர்லாந்தின் குளிர்ந்த, ஈரமான தட்பவெப்பத்தில் நன்றாக விளைவது மென்மையான கோதுமை வகை. அதில் புரதம் குறைவு. ஈஸ்ட் போட்டு உப்பவைக்கும் பிரெட்டுக்கு, மணிக்கணக்கில் வாயுவைப் பிடித்து வைத்திருக்கும் வலுவான க்ளூட்டன் (மாவின் புரதத்தால் உருவாகும் இழுவையான வலை) தேவை. இந்த மாவில் அது சரியாக அமையாது. சோடாவுக்கு அந்த வலுவே தேவையில்லை. 1800களின் முதல் பாதியில் சமையல் சோடா மலிவாகக் கிடைக்கத் தொடங்கியபோது, வெண்ணெய் கடைந்து மிஞ்சிய புளித்த மோர் பண்ணை வீடுகளில் ஏற்கெனவே இருந்தது. மாவும் மோரும் சோடாவும் ஒன்று சேர, அன்றாடம் வீட்டிலேயே பிரெட் சுடும் பழக்கம் வேகமாகப் பரவியது.

ஓவன் இல்லாத வீடுகள்தான் அப்போது அதிகம். சதுப்பு நிலத்திலிருந்து வெட்டிக் காயவைத்த பீட் (மட்கிய தாவரங்களாலான மண்) கட்டிகளை எரித்து, அந்த நெருப்பின்மேல் ‘பாஸ்டிபிள்’ என்ற மூடிபோட்ட கனமான இரும்புப் பானையை வைப்பார்கள். மூடியின் மேலும் தணலை அள்ளிப் போடுவார்கள். மேலும் கீழும் சூடு, உள்ளே ஈரம் வெளியேறாத மூடி. இன்றைக்கும் கனமான மூடிப் பாத்திரத்தில் இந்த பிரெட் அருமையாக வருவதற்கு அதுவே காரணம். வடக்கே அல்ஸ்டர் பகுதியில் பானைக்குப் பதில் தட்டையான இரும்புக் கல்லில் சுடும் வழக்கமும் உண்டு. முழுக் கோதுமையில் செய்வதை வடக்கே ‘வீட்டன்’ என்பார்கள், மற்ற இடங்களில் ‘பிரவுன் பிரெட்’ என்பார்கள்.

சர்க்கரை, முட்டை, நிறைய வெண்ணெய், உலர் திராட்சை, கேரவே விதை எல்லாம் சேர்த்து மார்ச் 17, செயின்ட் பேட்ரிக் தினத்தன்று அமெரிக்காவில் சுடுகிறார்களே, அது வேறு வகை. கிட்டத்தட்ட கேக் என்றே சொல்லலாம். ருசியானதுதான். ஆனால் சூப்போடும் வெண்ணெயோடும் தினம் சாப்பிடுவதற்கு நாலு பொருள் பிரெட்தான் ஏற்றது. இங்கே சொல்வதும் அதைத்தான்.

கிண்ணத்துக்குள் என்ன நடக்கிறது

மோரில் லாக்டிக் அமிலம் இருக்கிறது. சோடா காரம். ஈரத்தில் இரண்டும் சந்தித்த உடனே கார்பன் டை ஆக்சைடு குமிழிகள் கிளம்பும். பிரெட்டை உப்பவைப்பது அந்தக் குமிழிகள்தான். ஈஸ்ட் மணிக்கணக்கில் வாயு விட்டுக்கொண்டே இருக்கும். சோடா அப்படியில்லை, பெரும்பகுதி வாயு முதல் சில நிமிடங்களிலேயே வந்துவிடும். மாவு மேடையில் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் குமிழிகள் வெளியேறிக்கொண்டே இருக்கும். ஓவனின் சூடு மாவை இறுக வைப்பதற்குள் குமிழிகள் உள்ளே இருந்தாக வேண்டும். அவசரப்படச் சொல்வதெல்லாம் இதற்காகத்தான்.

சோடா கூடினால் பிரெட் அதிகம் உப்பும் என்று நினைத்து ஒரு சிட்டிகை கூடுதலாகப் போடுகிறவர்கள் உண்டு. அப்படி ஆவதில்லை. மோரில் உள்ள அமிலம் எவ்வளவு சோடாவை அடக்குமோ அவ்வளவுதான் பயன்படும். மீதி சோடா சூட்டில் சோடியம் கார்பனேட்டாக மாறும். அந்தச் சோப்பு ருசியும் மஞ்சள் நிறமும் அதிலிருந்து வருபவை. 240 மில்லி மோருக்கு அரை டீஸ்பூன் சோடா என்பது பொதுவான கணக்கு. நம் அளவான 400 மில்லிக்கு ஒரு டீஸ்பூன், அதுவும் தலை தட்டி எடுத்தது, போதும். குவித்து எடுக்கவே கூடாது.

தேவையானவை

முழுக் கோதுமை மாவு 300 கிராம்
மைதா 150 கிராம்
சமையல் சோடா 1 டீஸ்பூன், தலை தட்டியது
உப்பு 1 டீஸ்பூன், தலை தட்டியது
கெட்டியான புளித்த மோர் 400 மில்லி, தேவைப்பட்டால் இன்னும் 30 முதல் 50 மில்லி

தராசு இருந்தால் தராசையே நம்புங்கள். கப்பில் அளப்பதென்றால் மாவைக் கரண்டியால் அள்ளிப் போட்டு மேலே வழித்துவிட்டு அளக்க வேண்டும். அப்படி அளந்தால் ஒரு கப் சுமார் 120 கிராம். ஆக முழுக் கோதுமை இரண்டரை கப், மைதா ஒன்றேகால் கப். கப்பை மாவுக்குள் அமுக்கி எடுத்தால் எடை எக்கச்சக்கமாக ஏறிவிடும். பலருடைய மாவு கெட்டியாகிப்போவது இந்த இடத்தில்தான்.

மாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அயர்லாந்தில் இதற்குப் பயன்படுத்துவது கொரகொரப்பாக அரைத்த முழுக் கோதுமை மாவு. தவிட்டுத் துணுக்குகள் கண்ணுக்குத் தெரியும், வாயில் கடிபடும். உங்களிடம் இருப்பது நைசான மாவு என்றால் அதில் 30 கிராமை எடுத்துவிட்டு, அதே அளவு கோதுமைத் தவிடோ உடைத்த ஓட்ஸோ சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கடிபடும் தன்மை ஓரளவு வந்துவிடும். முளையும் தவிடும் இருப்பதால் முழுக் கோதுமை மாவில் எண்ணெய்ச் சத்து உண்டு, சீக்கிரம் சிக்கு வாடை பிடிக்கும். ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துப் பாருங்கள். லேசாகக் கசந்தால் அந்த மாவு வேண்டாம். சுட்ட பிறகு அந்தக் கசப்பு இன்னும் எடுப்பாகத் தெரியும்.

மைதா எதற்கு? முழுக் கோதுமை மட்டும் போட்டாலும் பிரெட் வரும், ஆனால் கனமாக, உதிரும் தன்மையோடு வரும். மூன்றில் ஒரு பங்கு மைதா சேர்த்தால் கோதுமை வாசம் குறையாமல் உள்பகுதி மென்மையாகும். முதல் தடவை பாதிக்குப் பாதி வைத்துச் சுடுவது இன்னும் பாதுகாப்பு. கை பழகியதும் மைதாவைக் குறைத்துக்கொண்டே போகலாம். அதிகப் புரதமுள்ள பிரெட் மாவு மட்டும் வேண்டாம். ஈஸ்ட் பிரெட்டுக்கு நல்லதாக இருக்கும் அந்த வலு, இங்கே பிரெட்டை விறைக்க வைத்துவிடும்.

மோர் கெட்டியாகவும் நன்றாகப் புளித்ததாகவும் இருக்க வேண்டும். தண்ணீர் விட்டுப் பெருக்கிய மோரில் அமிலம் போதாது. சோடா மிஞ்சிவிடும், பிரெட்டும் உப்பாது. மோர் இல்லையென்றால் புளித்த கெட்டித் தயிர் 300 மில்லியில் பாலோ தண்ணீரோ 100 மில்லி கலந்து கட்டியில்லாமல் அடித்துக்கொள்ளலாம். எனக்கு மோருக்கு அடுத்தபடியாகப் பிடித்தது இதுதான். தயிரும் இல்லையென்றால் 375 மில்லி பாலில் ஒன்றரை டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறோ வினிகரோ கலந்து பத்து நிமிடம் வைத்தால் திரிந்து வரும். அது மோரைவிட நீர்த்து இருக்கும் என்பதால் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டு ஊற்றவும்.

சோடா டப்பா திறந்து நாளாகிவிட்டதா? கால் டீஸ்பூன் சோடாவில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். சீறிப் பொங்கினால் நல்லது. சோம்பலாக நுரைத்தால் புதிதாக வாங்குங்கள்.

செய்முறை

முதல் வேலை ஓவன். 220 டிகிரி செல்சியஸில் வைத்து, குறைந்தது இருபது நிமிடம் சூடேற விடுங்கள். விசிறி ஓடும் ஓவன் என்றால் 200 போதும். மாவைக் கலந்துவிட்டு ஓவனைப் போட நினைத்தால், ஓவன் சூடேறுவதற்குள் குமிழிகள் போய்விடும். தட்டில் பேக்கிங் தாள் விரித்து, அல்லது மாவு தூவி, தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கூர்மையான கத்தியும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

அகலமான, ஆழமில்லாத பெரிய கிண்ணம் எடுங்கள். இரண்டு மாவையும் உப்பையும் அதில் போடுங்கள். சோடாவைச் சல்லடையில் சலித்துப் போடுங்கள், அல்லது உள்ளங்கையில் வைத்துக் கட்டியே இல்லாதபடி விரலால் தேய்த்துப் போடுங்கள். ஒரு சின்னக் கட்டி தப்பினாலும் சுட்ட பிரெட்டில் பழுப்பு மஞ்சள் புள்ளியாக நிற்கும். கடித்தவருக்கு வாயெல்லாம் கசக்கும். பிறகு கையை மாவுக்குள் விட்டு, மேலே அள்ளி, விரலிடுக்கில் விழ விடுங்கள். ஐந்தாறு தடவை இப்படிச் செய்தால் சோடா எல்லா இடத்திலும் பரவிவிடும், மாவுக்குள் காற்றும் புகும்.

வெண்ணெய் சேர்க்க விரும்பினால் குளிர்ந்த வெண்ணெய் 25 கிராமை இப்போது மாவில் தேய்த்துக் கலக்கலாம். பழைய முறையில் இது கிடையாது. ஆனால் மறுநாளும் பிரெட் மென்மையாக இருக்க உதவும்.

மாவின் நடுவில் குழி செய்து, 400 மில்லி மோரையும் ஒரே தடவையில் ஊற்றுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் ஒரு பக்கம் ஈரமும் ஒரு பக்கம் காய்ந்த மாவுமாக நிற்கும். அதைச் சரிசெய்யப் போய்க் கூடுதலாகக் கலக்க வேண்டியிருக்கும்.

அடுத்த அரை நிமிடத்தில்தான் பிரெட்டின் தலையெழுத்து இருக்கிறது. ஒரு கை மட்டும் போதும். மறு கையால் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். விரல்களை விரித்து, ஒரு பந்தைப் பிடிப்பதுபோல் வளைத்து, விறைப்பாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து தொடங்கி வட்டமாகச் சுற்றிச் சுற்றி வெளிப்பக்கம் போங்கள். அழுத்தக் கூடாது, பிழியக் கூடாது, மடிக்கவும் கூடாது. விரல்கள் மாவினூடே சும்மா சுற்றி வரட்டும். விளிம்பைத் தொடுவதற்குள் மாவு ஒன்று சேர்ந்திருக்கும். கிண்ணத்தின் அடியில் காய்ந்த மாவு தங்கியிருந்தால் அந்த இடத்தில் மட்டும் ஒரு கரண்டி மோர் தெளித்து ஒரு சுற்று சுற்றுங்கள்.

மாவு எப்படி இருக்க வேண்டும்? கையில் ஒட்டும். மேலே வழவழப்பாக இருக்காது, மேடும் பள்ளமுமாக இருக்கும். ஒட்டாத, உருட்டி விளையாடக்கூடிய மாவு வந்தால் அது கெட்டி என்று அர்த்தம். தவிடு ஈரத்தை மெதுவாகத்தான் குடிக்கும். கலந்த நிமிடத்தில் சரியாக இருப்பதாகத் தோன்றும் மாவு, ஓவனில் பாதி வழியில் வறண்டுவிடும். அதனால் முழுக் கோதுமைக்கு எப்போதும் ‘கொஞ்சம் அதிகமாக ஒட்டுகிறதே’ என்று தோன்றும் பக்கமே நில்லுங்கள்.

கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். மேடையில் நிறைய மாவு தூவி, கிண்ணத்திலிருப்பதை அதன்மேல் சரியுங்கள். மேலேயும் கொஞ்சம் மாவு தூவி, ஓரங்களை இரண்டு கைகளாலும் லேசாக உள்ளே தள்ளி வட்டமாக்குங்கள். சுமார் 18 சென்டிமீட்டர் அகலம், 4 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் போதும். அடிப்பக்கம் கரடுமுரடாக இருந்தால் இருக்கட்டும். அழகுபடுத்த நினைத்து உருட்டும் ஒவ்வொரு தடவையும் குமிழிகள் நசுங்கும்.

தட்டுக்கு மாற்றி, மேலே ஆழமாகச் சிலுவை வெட்டு போடுங்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, பாதிக்கு மேல் ஆழம். கத்தியில் மாவு தடவிக்கொண்டால் இழுபடாது. வெட்டுக்குப் பல விளக்கம் சொல்வார்கள். பிரெட்டை ஆசீர்வதிக்கும் அடையாளம் என்பது ஒன்று. இன்னொரு நம்பிக்கையில் நாலு துண்டுகளையும் கத்தி முனையால் ஒவ்வொரு குத்து குத்துவார்கள், உள்ளே இருக்கும் தேவதைகள் வெளியே போகட்டும் என்று. சமையல் கணக்கிலும் வெட்டு அவசியம். நடுவில்தான் மாவு தடிமன்; வெட்டு விழுந்தால்தான் சூடு அங்கே இறங்கும். பிரெட் தன் இஷ்டத்துக்கு வெடிக்காமல் ஒழுங்காக விரியும். சுட்டபின் நாலு பங்காகப் பிட்டு எடுக்கவும் வசதி.

மோர் ஊற்றியதிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் பிரெட் ஓவனுக்குள் போய்விட வேண்டும்.

நடுத்தட்டில் வைத்து 220 டிகிரியில் 15 நிமிடம். பிறகு 200 டிகிரிக்குக் குறைத்து இன்னும் 25 முதல் 30 நிமிடம். விசிறி ஓவனில் இரண்டாம் கட்டத்துக்கு 180. முதல் 15 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். மேலே சீக்கிரம் கறுத்தால் கடைசிப் பத்து நிமிடம் அலுமினியத் தாளைத் தளர்வாகப் போட்டு மூடலாம். கடைசி ஐந்து நிமிடத்துக்கு பிரெட்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் அடிப்பக்கமும் மொறுமொறுப்பாகும்.

வெந்துவிட்டதா என்று பார்க்கப் பழைய வழியே போதும். துணியால் பிரெட்டைப் பிடித்து, அடிப்பக்கத்தை விரல் முட்டியால் தட்டுங்கள். உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ‘டொக் டொக்’ என்று கேட்டால் வெந்துவிட்டது. அடங்கிய, மந்தமான சத்தம் என்றால் இன்னும் ஐந்து நிமிடம் வேண்டும். வெப்பமானி இருந்தால் நடுவில் 95 டிகிரி வந்ததும் எடுக்கலாம்.

கம்பித் தட்டில் ஆற விடுங்கள். மேல்தோல் மொறுமொறுப்பாக வேண்டுமானால் அப்படியே விடலாம். மென்மையாக வேண்டுமானால், அயர்லாந்து வீடுகளில் செய்வதுபோல், சூடாக இருக்கும்போதே சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். எப்படியானாலும் முக்கால் மணி நேரத்துக்கு முன் கத்தி வைக்காதீர்கள். உள்ளே ஆவி இன்னும் அடங்கியிருக்காது. அப்போது அறுத்தால் நன்றாக வெந்த பிரெட்கூட வேகாததுபோல் கத்தியில் அப்பும்.

அச்சிலும் பாத்திரத்திலும் கல்லிலும்

முழுக்க முழுக்க முழுக் கோதுமையில் செய்ய விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது நீளமான பிரெட் அச்சைத்தான். 450 கிராம் மாவுக்கு 450 முதல் 475 மில்லி வரை மோர் சேர்த்து, கரண்டியால் அள்ளி ஊற்றும் பதத்தில் கலக்கலாம். உருவம் பிடிக்க வேண்டிய கவலை இல்லாததால் ஈரத்தைத் தாராளமாக வைக்க முடிகிறது. தவிடு வேண்டிய அளவு குடித்தும் பிரெட் வறளாது. அயர்லாந்து வீடுகளில் இன்று இப்படிச் சுடுவது சர்வசாதாரணம். அச்சில் வெண்ணெய் தடவி, மாவை ஊற்றி, மேலே ஓட்ஸ் தூவி, ஈரக் கத்தியால் நடுவில் ஒரு நீளக் கோடு கிழித்து, 200 டிகிரியில் 50 முதல் 60 நிமிடம் சுடுங்கள். ஒரு டேபிள்ஸ்பூன் கரும்பாகோ தேனோ மோரில் கலந்தால் தவிட்டின் லேசான கசப்பு அடங்கும்.

கனமான மூடிப் பாத்திரம் இருந்தால் அதையும் ஓவனிலேயே சூடாக்கி, உள்ளே மாவு தூவி, பிரெட்டை இறக்கி, மூடி போட்டு அரை மணி நேரம், மூடியை எடுத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் சுடலாம். பாஸ்டிபிளுக்கு நம் காலத்தில் கிடைக்கும் மிக நெருங்கிய மாற்று இது. பாத்திரம் கொதிக்கும் சூட்டில் இருக்கும் என்பதால் தாளோடு சேர்த்துத் தூக்கி இறக்குவதே பத்திரம்.

ஓவனே இல்லையா? மாவை ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனில் வட்டமாகத் தட்டி, நாலாக வெட்டி, காய்ந்த கனமான இரும்புக் கல்லில் சிறு தீயில் ஒவ்வொரு பக்கமும் எட்டுப் பத்து நிமிடம் சுடுங்கள். கடைசியில் துண்டுகளை நிமிர்த்தி வைத்து ஓரங்களையும் வாட்டுங்கள். எண்ணெய் வேண்டாம், மாவு தூவினால் போதும். தூவிய மாவு உடனே கறுத்தால் தீ அதிகம்.

சரியாக வராவிட்டால்

கனத்து, உயரமே இல்லாமல் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மாவின் கெட்டித்தன்மையை, அடுத்தது அதிகமாகக் கலந்ததை. இரண்டும் இல்லையென்றால் மோர் புளிக்காததாகவோ சோடா பழையதாகவோ இருக்கும். மேலே நன்றாகச் சிவந்தும் நடுவில் பிசுபிசுப்பாக இருந்தால் வெட்டு ஆழம் போதவில்லை, அல்லது ஓவன் காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இல்லை. சின்ன ஓவன்களில் இது அடிக்கடி நடக்கும். வட்டத்தின் உயரத்தை மூன்று சென்டிமீட்டராகக் குறைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் வழிந்து தட்டையாகிப்போனால் மோர் கூடிவிட்டது. அதைத் தூக்கிப் போட வேண்டாம், ருசி நன்றாகவே இருக்கும். அடுத்த முறை அதே தளர்வை அச்சில் ஊற்றுங்கள். அறுக்கும்போது ரொம்பவே உதிர்ந்தால் மைதாவைக் கொஞ்சம் கூட்டுங்கள். பல் வைத்த பிரெட் கத்தியால், ஆறிய பிறகு, கொஞ்சம் தடிமனாக அறுங்கள். மெல்லிய துண்டுகள் இந்த பிரெட்டுக்குப் பொருந்தாது.

வைத்துச் சாப்பிட

சுட்ட அன்றே இதன் ருசி உச்சம். வெண்ணெயைத் தடிமனாகத் தடவிச் சாப்பிடுங்கள். சூப், ஐரிஷ் ஸ்டூ, புகையூட்டிய சால்மன் மீன், மார்மலேட் எல்லாவற்றோடும் சேரும். கொழுப்பும் சர்க்கரையும் இல்லாததால் சீக்கிரம் காய்ந்துவிடும். துணியில் சுற்றி வைத்தால் இரண்டு நாள் தாங்கும். இரண்டாம் நாளிலிருந்து டோஸ்ட் செய்து சாப்பிடுங்கள். ஓரம் மொறுகி, கோதுமை வாசம் மறுபடி எழும்பும். ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்னும் வேகமாக விறைக்கும் என்பதால் அது வேண்டாம். மீதியை முழுதாக ஆறிய பிறகு துண்டு போட்டு, காற்றுப் புகாமல் கட்டி, ஃப்ரீசரில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் கெடாது. வேண்டியபோது வேண்டிய துண்டை எடுத்து, உறைந்தபடியே நேராக டோஸ்டரில் போடலாம்.